இரத்த தானமும் கொடுப்பவர் இருதயமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கியமும் இசையும் ஒலித்துப் பழகிய இம்மேடையில் இன்று இரத்தத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் மருத்துவர் அல்லோம். இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனைத் தாண்டிக் கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. ஆயினும் சங்கத்தின் இரத்த தான முகாமுக்குப் பெயர் சேர்க்கும் பொறுப்பு ஆண்டுதோறும் எம்மிடமே வந்து சேருகிறது. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் ராஸ்தா பேட்டையிலும் நம்மவர் வீட்டுக் கதவுகளைத் தட்டும்போது, காப்பியோடு கேள்விகளும் கிடைக்கின்றன. அக்கேள்விகளுக்கு விடை தேடி, மருத்துவர்களை வினவியும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றையே இங்கே கூற வந்துள்ளோம்.

கேட்கப்படும் கேள்விகள் பலவாயினும் அவை இரண்டு நம்பிக்கைகளில் அடங்கும். "ஒரு சொட்டு இரத்தம் ஊற எத்தனை நாள் சோறு தின்ன வேண்டும்! கொடுத்தால் இருதயம் தளர்ந்து விடாதா?" என்பது ஒன்று. "கொடுத்துக்கொண்டே இருந்தால் கெட்ட இரத்தம் போய்ப் புது இரத்தம் ஊறுமாம், மாரடைப்பே அண்டாதாமே!" என்பது மற்றொன்று. முன்னது நம்மை முகாமுக்கு வரவொட்டாமல் தடுக்கிறது. பின்னது வரக்கூடாதவரையும் வரவழைக்கிறது. இவ்விரண்டில் பின்னதையே யாம் பெரிதும் அஞ்சுகின்றோம். காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

கொடையைப் பற்றிப் பேசுவோர் கர்ணனையும் சிபியையும் அழையாமல் இருப்பதில்லை. கர்ணனை இன்று ஓய்வெடுக்க விடுவோம். சிபி மட்டும் ஒரு விதத்தில் நமக்கு வேண்டியவன். புறாவின் எடைக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து வைத்த அம்மன்னன், தேவர் அருளால் அதை மீளப் பெற்றான் என்று கதை சொல்லுகிறது. நாம் கொடுக்கும் இரத்தத்தை மீளத் தருவதற்குத் தேவர் எவரும் இறங்கி வர வேண்டுவதில்லை. எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே அவ்வேலையைச் செய்து விடுகிறது. அஃது எவ்வாறு, எத்தனை நாளில், என்ன விலையில் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு பழைய கணக்கைப் பார்ப்போம். 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் இருதயத்தின் இயக்கத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு சிறு நூல் எழுதி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். அதற்கு முன் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள், காலன் என்ற கிரேக்க மருத்துவர் கூறியதையே ஐரோப்பியர் நம்பி வந்தனர். உண்ட உணவு ஈரலில் இரத்தமாக மாறுகிறது, அது உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது, மறுபடி உண்டால் மறுபடி இரத்தம் உண்டாகிறது என்பது காலனின் கொள்கை. ஹார்வி இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். இருதயம் ஒரு துடிப்புக்கு மிகச் சிறிதளவே இரத்தத்தைத் தள்ளுவதாக வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் அது தள்ளிய மொத்த அளவு உடலில் உள்ள இரத்தம் முழுவதையும் மிஞ்சிவிடுவதைக் கண்டார்.

இக்காலத்து அளவைக் கொண்டு நாமும் அக்கணக்கைப் போடலாம். இருதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால், 4,900 மில்லி லிட்டர். மணிக்கு 294 லிட்டர்! இத்தனை இரத்தத்துக்கு உரிய சோற்றை ஒரு மணி நேரத்தில் உண்ணக் கூடியவன் பீமனும் அல்லன். ஆகவே செலவாவது ஒன்றுமில்லை. ஒரே இரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று ஹார்வி முடிவு கட்டினார். பெரியதொரு மருத்துவ உண்மை கூட்டல் பெருக்கலால் நிலைநாட்டப்பட்டது என்பதில் எம் போன்ற கணக்கு எழுதுவோர்க்குத் தனியொரு மகிழ்ச்சி உண்டு. 'ஒரு சொட்டுக்கு இத்தனை நாள் சோறு' என்று சொல்லும் நம் பாட்டிமார்கள், தாம் அறியாமலே காலனின் மாணவியராய் இருக்கின்றனர்.

சரி, உடலில் எவ்வளவு இரத்தம் உண்டு? உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 4 லிட்டருக்குச் சற்று அதிகம். நம் நாட்டு விதிப்படி 45 கிலோவுக்கு மேற்பட்டவரிடம் 350 மில்லி லிட்டரும், 55 கிலோவுக்கு மேற்பட்டவரிடம் 450 மில்லி லிட்டர் வரையும் எடுக்கலாம். அதாவது உள்ளதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கு வரை இழந்தாலும், நலமுள்ள உடல் இரத்த அழுத்தத்தைப் பெரும்பாலும் குன்றவிடாமல் தாங்கிக்கொள்ளும் என்று மருத்துவர் கூறுவர். எடுக்கப்படும் அளவு அவ்வெல்லைக்கு உள்ளேயே நிற்கிறது.

ஊசி ஏறியபின் உள்ளே நிகழ்வது என்ன? கழுத்துத் தமனிகளிலும், இருதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும் நரம்பு முனைகள் உண்டு. இரத்தத்தின் அளவு சிறிது குறைந்தவுடன் அவை மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் கட்டளையால் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. ஒன்று, சிரைகள் சுருங்குகின்றன. நம் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எக்காலத்தும் சிரைகளிலேயே மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அக்குழாய்கள் சிறிது இறுகினால் போதும், அந்தச் சேமிப்பிலிருந்து இருதயத்துக்கு வேண்டிய இரத்தம் வந்துவிடும். மற்றொன்று, இருதயம் நிமிடத்துக்குச் சில துடிப்புகள் விரைந்து ஓடுகிறது.

மும்பையிலிருந்து புனே வரும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். போர் காட் மலையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். ஆகவே பெரும்பாலான வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்புறம் துணை எஞ்சின்கள் பூட்டுகிறார்கள். லோணாவளாவில் கழற்றி விடுகிறார்கள். அவற்றைப் 'பாங்கர்' என்று அழைப்பது எங்கள் வழக்கம். (இரத்தத்துக்கும் பாங்க், மலைக்கும் பாங்கர் என்பது தற்செயலே.) மேடு உள்ளவரை துணை, மேடு தீர்ந்ததும் பழைய ஓட்டம். இரத்தம் கொடுத்த சில மணி நேரத்துக்கு இருதயத்தின் வேலையும் அத்தகையதே. முன்னிருந்த எஞ்சின் இதனால் பழுதடைவதில்லை.

அதன்பின் நீர்ப்பகுதி நிறைகிறது. திசுக்களில் உள்ள நீர் நுண்குழாய்களுக்குள் ஊறிவருகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஒன்று அல்லது இரண்டு நாளில் இரத்தத்தின் மொத்தக் கொள்ளளவு பழையபடி ஆகிவிடுகிறது. கொடுத்த அன்று நிறைய நீரும் மோரும் அருந்தச் சொல்வது இதனால்தான்.

ஆனால் கொள்ளளவு நிறைந்தது கொண்டு எல்லாம் நிறைந்துவிட்டதாக எண்ணலாகாது. வந்து சேர்ந்தது நீர். போனவற்றில் சிவப்பணுக்களும் உண்டு. உயிர்வாயுவைச் சுமப்பவை அவையே. அவை குறைந்ததைச் சிறுநீரகம் உணர்ந்து, எரித்ரோபாயட்டின் என்னும் சுரப்புநீரை அனுப்பி எலும்பு மஜ்ஜையைத் தூண்டுகிறது. மஜ்ஜை சாதாரண நாளிலேயே ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்களை உண்டாக்கும் தொழிற்சாலை. ஒவ்வோர் அணுவும் 120 நாள் உழைத்து மடிவதால் அத்தனை உற்பத்தி வேண்டியிருக்கிறது. தூண்டப்பட்டதும் மஜ்ஜை இன்னும் விரைகிறது. நான்கு முதல் எட்டு வாரங்களில் சிவப்பணுக்கள் பழைய அளவை எட்டிவிடுகின்றன. அதுவரை நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்ப்பவர்க்கு ஒரு வேறுபாடும் தெரியாது. ஓடுபவர்க்கும் மலை ஏறுபவர்க்கும் தெரியும். மூச்சு சிறிது முன்னதாகவே வாங்கும். ஆகவே நம் இளைஞர்கள் ஞாயிறு காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு மாலையில் சிம்மகட் கோட்டைக்கு ஏற வேண்டா. புனே மாரத்தானில் ஓடுபவர்கள் ஓட்டத்துக்கு முந்திய வாரங்களைத் தவிர்த்து வேறு நாளில் கொடுக்கட்டும்.

மயக்கத்தைப் பற்றியும் கூற வேண்டும். முகாமில் ஒருவர் மயங்கி விழுந்தால், அடுத்த ஆண்டு பத்துப் பேர் வருவதில்லை. "இரத்தம் போனதால் இருதயம் நின்று விட்டது" என்று கதை கட்டி விடுகிறார்கள். உண்மை என்னவெனில், அம்மயக்கத்துக்கு இரத்த இழப்பு மட்டுமே காரணம் அன்று. அச்சத்தாலோ வலியாலோ ஊசியைக் கண்ட காட்சியாலோ வேகஸ் என்னும் நரம்பு மிகையாகத் தூண்டப்பட்டு, இருதயத் துடிப்பு மெதுவாகிறது. கால்களின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தம் ஒரு கணம் குறைகிறது. ஊசி குத்துமுன்னரே மயங்கியவரும் உண்டு! இளையோர், எடை குறைந்தோர், முதன்முறை வருவோர் ஆகியோரிடம் இது மிகுதி. படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தெளிந்துவிடும். கெடுதல் நேர்வது மயக்கத்தால் அன்று, விழும்போது தலையில் படும் அடியால். ஆகையால்தான் பதினைந்து நிமிடமாவது அமர்ந்திருக்கச் சொல்கிறார்கள். கொடுக்குமுன் அரை லிட்டர் நீர் அருந்துவதும், படுத்திருக்கையில் கால்களைப் பின்னி இறுக்கித் தளர்த்துவதும் இம்மயக்கத்தைப் பெரிதும் தடுக்கும். விரதம் இருப்பவர்கள் அன்று கொடுக்கலாகாது. சஷ்டியும் ஏகாதசியும் முகாம் நாளில் வந்தால் நம் மாமிமார்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வார்களாக.

இனி இரும்புச் சத்து. நீர் இரண்டு நாளில் வந்தது; அணு இரண்டு மாதத்தில் வந்தது; இரும்பு அவ்வளவு எளிதில் வருவதில்லை. 350 மில்லி லிட்டரோடு ஏறத்தாழ 150 மில்லி கிராமுக்குச் சற்று மேற்பட்ட இரும்பு வெளியேறுகிறது. 450 மில்லி லிட்டரானால் 200-க்கு மேல். உணவிலிருந்து உடல் ஈர்த்துக்கொள்வதோ நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லி கிராம். வரவு செலவு எழுதிப் பார்த்தால், இந்த இருப்பு நிறையப் பல மாதங்கள் பிடிக்கும் என்பது விளங்கும். 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரும்பு மாத்திரை உட்கொள்ளாத கொடையாளிகளுள் மூன்றில் இருவருக்கு 168 நாள் கழிந்தும் இரும்பின் இருப்பு பழைய நிலைக்கு வரவில்லை என்று கண்டனர். முருங்கைக் கீரை, கேழ்வரகு, கம்பு, எள், பேரீச்சை எல்லாம் நன்று. அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இன்னும் நன்று. ஆனால் இலையை மடித்தவுடன் டம்ளர் காப்பியைக் கையில் எடுக்கும் நம் வழக்கம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. மறாட்டிய நண்பர்களின் சாயாவும் அப்படியே. ஒரு மணி நேரம் பொறுத்து அருந்தலாம். அடிக்கடி கொடுப்பவர் மருத்துவரைக் கேட்டு இரும்பு மாத்திரை உட்கொள்வது முறை.

இவ்விரும்பிலிருந்துதான் மாரடைப்புக் கதை தொடங்குகிறது. சற்று நிதானித்துப் பார்ப்போம்.

1981-இல் ஜெரோம் சலிவன் என்ற அமெரிக்க மருத்துவர் லான்செட் இதழில் ஒரு கருத்தை வெளியிட்டார். மாதவிலக்கு நிற்கும் வரை பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைக் காட்டிலும் குறைவாக இருப்பது ஏன்? மாதந்தோறும் இரத்தத்தோடு இரும்பு வெளியேறி, உடலில் இரும்பின் சேமிப்புக் குறைவாக இருப்பதே காரணமாகலாம். அங்ஙனமாயின் இரத்தம் கொடுக்கும் ஆண்களுக்கும் அக்காப்பு கிடைக்கக் கூடும் என்பது அவர் ஊகம். கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. பின்லாந்து நாட்டின் குவோப்பியோ வட்டாரத்தில் நடுத்தர வயதுடைய ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்து வந்த அறிஞர்கள் 1998-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். இரத்தம் கொடுத்திருந்த 153 பேரில் மாரடைப்பு வந்தவர் ஒருவரே. கொடாத 2,529 பேரில் 316 பேருக்கு வந்திருந்தது. இச்செய்தி உலகெங்கும் பரவியது. இன்று நம் கைப்பேசிகளில் 'இரத்தம் கொடு, மாரடைப்பை விரட்டு' என்று வந்துகொண்டிருப்பதன் வேர்களுள் இதுவும் ஒன்று.

ஆயினும் 2001-இல் அமெரிக்காவில் 38,000-க்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்டு பார்த்தபோது அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. 2007-இல் வெளிவந்த ஆய்வு இவற்றினும் வலுவானது. கால் தமனிகள் அடைபட்ட நோயாளிகள் 1,277 பேரைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தத்தை வெளியேற்றி இரும்பைக் குறைத்தனர். இறப்பில் இரு கூறினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை.

அப்படியானால் பின்லாந்துக் கணக்கு பொய்யா? பொய்யன்று, கணக்கு மெய், பொருள் கொண்ட விதமே ஐயத்துக்கு உரியது. இரயில்வேயில் எஞ்சின் ஓட்டுநர்களைக் கடுமையான மருத்துவச் சோதனை செய்து எடுக்கிறோம். பின்னும் குறித்த காலத்தில் சோதிக்கிறோம். ஊராரோடு ஒப்பிட்டால் அவர்கள் கண்பார்வை சிறந்தே இருக்கும். அதனால் எஞ்சின் ஓட்டினால் கண் தெளிவாகும் என்று எவரேனும் சொல்வாரா? இரத்தம் கொடுப்போரும் அங்ஙனமே. எடை, அழுத்தம், நாடி, ஹீமோகுளோபின், பழைய நோய்கள் அனைத்தையும் பார்த்துத் தேறியவரையே மேசையில் படுக்க வைக்கிறார்கள். இருதய நோயாளி முன்பே விலக்கப்படுகிறார். எஞ்சியவர்க்கு மாரடைப்புக் குறைவாக இருப்பதில் வியப்பென்ன? அறிஞர்கள் இதை 'நலமுள்ள கொடையாளி விளைவு' என்று குறிப்பிடுகின்றனர்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரத்தம் கொடுத்தபின் சிவப்பணுக்கள் குறைவதால் அதன் அடர்த்தியும் பிசுபிசுப்பும் சில வாரங்கள் குறைந்திருப்பது மெய். பெர்லின் நகரில் ஏறத்தாழ 300 கொடையாளிகளை ஓராண்டு கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மிகை அழுத்தம் உடையோர்க்கு நான்கு முறை கொடுத்தபின் மேல் அழுத்தம் ஏறத்தாழ 12 புள்ளி குறைந்திருந்தது. இயல்பான அழுத்தம் உடையோர்க்கு மாறுதல் இல்லை. ஊக்கம் தரும் செய்திதான். ஆனால் கொடாதவர் எவரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாத ஆய்வு அது. மருந்துக்கு மாற்றாக அதைக் கொள்ளலாகாது. இரும்பு மிகுந்து உறுப்புகளில் படியும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு இரத்தத்தை வெளியேற்றுவதே சிகிச்சை. அது மருத்துவர் நடத்த வேண்டிய வேறு காரியம்.

ஆக, எமது துணிபு இது: நலமுள்ளவர் கொடுப்பதால் இருதயத்துக்குத் தீங்கு இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். நன்மை உண்டு என்று உறுதி சொல்வதற்கு இன்னும் இடமில்லை.

'கெட்ட இரத்தம்' என்ற சொல்லுக்கும் இரண்டு வார்த்தை. நோய் நீங்க இரத்தத்தை வெளியேற்றுவது மிகப் பழைய வழக்கம். சுசுருதரின் நூலில் இரத்த மோட்சணம் கூறப்படுகிறது, அட்டை விடுவதை நம் பாட்டன்மார் கண்டிருக்கின்றனர். ஐரோப்பியர் இதில் எல்லை மீறினர். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பரில் தொண்டை வீக்கத்தால் படுத்தபோது, ஒரு நாளைக்குள் நான்கு முறை இரத்தத்தை வெளியேற்றினர். அன்றிரவே அவர் உயிர் நீத்தார். சிரையில் ஊசி போட்டால் வருவது அங்கே ஓடிக்கொண்டிருக்கும் இரத்தம். கெட்டது தனியே பிரிந்து குழாயில் இறங்குவதில்லை.

இந்த இரண்டாம் நம்பிக்கையை யாம் அஞ்சுவதாக முன்னர் கூறினோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் முகாமுக்கு உறுப்பினர் ஒருவர் வந்தார். ஐம்பதைக் கடந்தவர், அவர் இசைவு பெற்றே இதைக் கூறுகின்றோம். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் ஏற்படுவதை எவரிடமும் சொல்லாமல், இரத்தம் கொடுத்தால் அடைப்புக் கரையும் என்று நம்பி வரிசையில் நின்றார். வினாப் பத்திரத்தில் 'நெஞ்சுவலி இல்லை' என்று எழுதிக் கையொப்பமும் இட்டார். மருத்துவர் துருவிக் கேட்டதால் உண்மை வெளிவந்தது. திருப்பி அனுப்பியதற்கு அவருக்கு எம்மேல் கோபம். ஊரார்முன் அவமதித்ததாக எண்ணினார். தமனி குறுகிய இருதயத்துக்கு, அழுத்தம் திடீரென்று தாழ்வதும் துடிப்பு விரைவதும் ஆபத்து என்பதை மருத்துவரே அவருக்கு எடுத்துரைத்தார். அடுத்த வாரம் இருதய மருத்துவரிடம் சென்று, குழாய்களுள் இரண்டில் அடைப்பு இருப்பதை அறிந்து, உரிய சிகிச்சை பெற்றார். இன்று நம் மலர்க்குழுவில் அவரும் ஒருவர்.

ஆகவே இருதய நோய் உள்ளவர் கொடுக்கலாகாது என்ற விதி கொடுப்பவர்க்காகவே ஏற்பட்டது. மிகை அழுத்தம் உள்ளவர் எல்லாரும் விலக்கப்படுவதில்லை. மேல் அழுத்தம் 100 முதல் 140-க்குள்ளும், கீழ் அழுத்தம் 60 முதல் 90-க்குள்ளும் இருந்து, மருந்தோ அதன் அளவோ கடந்த 28 நாளில் மாறாமல், வேறு உறுப்புகள் பழுதுறாமல் இருந்தால் மருந்து உண்பவரும் கொடுக்கலாம். எம்மோடு பணிபுரிவோர்க்கு ஒரு சொல்: நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவர் கொடுத்தபின் அடுத்த பணிக்கு 24 மணி நேர இடைவெளி வேண்டும் என்றும், இரவுப் பணி முடித்துப் போதிய உறக்கமின்றி வருவோரிடம் எடுக்கலாகாது என்றும் விதியே கூறுகிறது. ஆர்வத்தால் இதை மறைக்க வேண்டா. பின்னால் ஆயிரம் பேர் அமர்ந்திருக்கின்றனர்.

தாய்மார்களுக்குத் தனியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைந்தால் இரத்தம் எடுப்பதில்லை. நம் முகாமில் ஆவலோடு வந்து, விரல் நுனிச் சோதனையோடு திரும்பிப் போகும் சகோதரியர் ஆண்டுதோறும் பலர். முகம் வாடிப் போவதைக் காண்கிறோம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 பேருக்கு. இரத்தசோகை முற்றியவரின் இருதயம், இருக்கும் குறைந்த அணுக்களைக் கொண்டே உயிர்வாயுவை ஊட்ட வேண்டியிருப்பதால், நாள்தோறும், உறங்கும்போதும், மிகையாக உழைக்கிறது. படி ஏறினால் படபடப்பு, மூச்சிரைப்பு. 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள். எம் வீட்டிலும் அப்படியே விட்டிருந்தோம். முகாமில்தான் தெரிய வந்தது, 9 கிராம் என்று. ஐந்து மாதம் மாத்திரை உண்டபின் அப்படபடப்பு அகன்றது. திருப்பி அனுப்பப்பட்டவர் அச்சீட்டைக் கிழித்தெறியாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முகாமினால் அன்று பெரும் பயன் பெற்றவர் அவரே என்பது எம் எண்ணம்.

இந்நகரத்தார் இரத்த வங்கியை 'ரக்தபேடி' என்பர். பேடி என்றால் பணம் கொடுக்கல் வாங்கல் செய்யும் வணிகர் கடை. விநாயக சதுர்த்தி நாட்களில் தெருவுக்குத் தெரு மண்டலங்கள் முகாம் நடத்துவதைப் பார்க்கிறோம். அதில் நாம் கற்கத்தக்கது நிறைய உண்டு. முற்காலத்தில் இரத்தத்தை விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தனர். உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பினால் 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து அத்தொழில் ஒழிந்தது. அன்று முதல் நோயாளிக்கு இருப்பது உறவினரும் தாமே வந்து கொடுப்பவரும்தான். பிறமாநிலத்தில் வாழும் நமக்கு உறவினர் இரவு வண்டி ஏறித்தான் வர வேண்டும். விபத்தோ பேறுகாலச் சிக்கலோ வண்டி வரும்வரை பொறுக்காது.

மற்றொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. 1952-இல் மும்பையில் டாக்டர் பெண்டே என்பவரும் அவர் குழுவினரும், எவர் இரத்தமும் பொருந்தாத மனிதர்களைக் கண்டறிந்தனர். அவர்களுள் ஒருவர் விபத்தில் காயமுற்ற இரயில்வே தொழிலாளி. சோதனையில் 'ஓ' போலத் தோன்றினும் 'ஓ' பிரிவு இரத்தத்தையும் ஏற்காத அப்பிரிவுக்குப் 'பம்பாய்ப் பிரிவு' என்றே உலகம் பெயரிட்டது. நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கலாம் என்பர். இவ்வரங்கில் அத்தகையவர் இருந்தால், தம் பெயரை இரத்த வங்கியில் பதிவு செய்து வைப்பது அவர்க்கும் பிறர்க்கும் காப்பு.

நிறைவாக நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். நம் முகாம் பொங்கலை ஒட்டி ஆண்டுக்கு ஒரு முறை நடைபெறுகிறது. புனேயில் இரத்தம் தட்டுப்படுவது ஏப்ரல், மே மாதங்களில். கல்லூரிகள் மூடப்படுகின்றன, மாணவர் ஊருக்குப் போகின்றனர், நம்மவரும் தஞ்சைக்கும் திருநெல்வேலிக்கும் வண்டி ஏறிவிடுகிறோம். பிரித்தெடுத்த சிவப்பணுக்களை 42 நாளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. பிளேட்லெட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் வைக்க இயலாது. பொங்கலில் கொடுத்தது மே மாதத்துக்கு உதவாது. விதிப்படி ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். ஜனவரி 15-இல் கொடுத்த ஆண் ஏப்ரல் நடுவிலும், பெண் மே நடுவிலும் மறுபடி தகுதி பெறுகின்றனர். ஆகவே மே மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று இரண்டாவது முகாம் வைத்தால் இருபாலாரும் வரலாம். ஊருக்குப் போகாமல் புனேயில் தங்குவோர் எத்தனை பேர் என்று அறிய வேண்டும். பெயர் எழுதும் நோட்டை வாயிலில் மேசைமேல் வைத்திருக்கிறோம்; பெயரோடு எடையையும், உட்கொள்ளும் மருந்தையும் குறித்தால் எமக்கு வேலை எளிதாகும்.